படப்பிடிப்பு ஒலிப்பதிவுக்கான குட்டைக் கனெக்டர்கள்: தேர்வும் பொருத்தும் முறையும்

நமது சங்க இதழில் பருப்பு விலை, எண்ணெய்க் கலப்படம், எடை முத்திரை, வரி ஆகியவற்றைப் பற்றி உறுப்பினர்கள் எழுதப் படித்து வருகிறோம். நான் வியாபாரம் செய்யும் சரக்கு வேறு. மைக், கேபிள், கனெக்டர் முதலான ஒலிச் சாமான்களை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். பலசரக்கு வியாபாரிகள் நிறைந்த இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. முன்பு சினிமாவுக்கு வேண்டிய ஒலிச் சாமான்களைச் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமே தேடுவார்கள். இன்று ஊருக்கு ஊர் குறும்படம் எடுக்கிறார்கள், யூடியூப் சேனல் நடத்துகிறார்கள், கல்யாணத்தைச் சினிமா போலப் பதிவு செய்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் முதலில் வந்து கேட்பது தங்கள் ஊர் எலெக்ட்ரிகல் கடையிலும் செல்போன் கடையிலும்தான். பலசரக்கோடு ஒரு கண்ணாடி அலமாரியில் ஒயர், சார்ஜர், பல்பு விற்கும் உறுப்பினர்களும் நம்மிடையே நிறையப் பேர். அவர்களிடமும் இந்தக் கேள்வி வருகிறது.

தமிழ்ப் படங்களில் நெடுங்காலமாக வசனத்தைப் பிறகு டப்பிங் அறையில் பேசிச் சேர்ப்பதே வழக்கம். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி வெறும் வழிகாட்டிதான். அதில் கரகரப்பு இருந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 2001-இல் வந்த ‘லகான்’ இந்திப் படம், 2004-இல் வந்த கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ போன்றவை படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பதிவு செய்தன. 2009-இல் ரசூல் பூக்குட்டிக்கு ஆஸ்கர் கிடைத்தபின் இந்தத் தொழிலைப் பற்றி வெளியாருக்கும் தெரிய வந்தது. தளத்தில் பதியும் ஒலியே இறுதி ஒலி என்றாகிவிட்டால், நடிகர் அழுது முடிக்கும் தருணத்தில் கேபிளில் ஒரு ‘கிர்ர்’ வந்தாலும் அந்த ஷாட் போச்சு. ஐம்பது பேர் சம்பளம், விளக்கு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் மறுபடியும் செலவு. அந்தச் சத்தம் பெரும்பாலும் மைக்கிலோ ரெக்கார்டரிலோ பிறப்பதில்லை. கேபிளின் நுனியில் உள்ள கனெக்டரில்தான் பிறக்கிறது.

அந்தக் கனெக்டரின் பெயர் எக்ஸ்எல்ஆர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேம்ஸ் கேனன் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. அதனால்தான் நம் மைக்செட்காரர்கள் இன்றும் ‘கேனான் பின்’ என்றே கேட்கிறார்கள். இதில் மூன்று ஊசிகள். 1-ஆம் ஊசி கேபிளின் மேல்வலைக்கு, அதாவது எர்த்துக்கு. 2-ஆவது நேர் ஒலி. 3-ஆவது அதே ஒலியின் தலைகீழ். ஏன் ஒரே ஒலிக்கு இரண்டு ஒயர் என்று கேட்பார்கள். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாது. ஒரு தட்டில் சரக்கு வைத்தால்தான் அசையும். கரண்ட் ஒயர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவாக ஏறுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே கருவி எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து குரல் நிற்கிறது. நூறு அடிக் கேபிள் இழுத்தாலும் குரல் சுத்தமாக வருவது இதனால்தான். 3.5 மி.மீ. இ.பி. பின்னில் இந்த வசதி கிடையாது.

இனி குட்டைக் கனெக்டர். படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர் மிக்ஸர், ரெக்கார்டர், வயர்லெஸ் ரிசீவர், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார். மிக்ஸரின் இரு பக்கங்களிலும் சாக்கெட்டுகள். சாதாரண நேர் கனெக்டரைச் செருகினால் அது மூன்று நான்கு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு பையின் சுவரில் முட்டும். அங்கேயே கேபிள் மடங்கும். அவர் குனிய, நிமிர, ஓட, ஒவ்வொரு அசைவும் சாக்கெட்டை நெம்புகிறது. சில மாதத்தில் சாக்கெட் ஆடத் தொடங்கும். அதை மாற்றுகிற செலவு கனெக்டர் விலையைப்போல் பல மடங்கு. கேமராவின் பக்கவாட்டு சாக்கெட்டிலும் இதே கதைதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல் வடிவ ரைட் ஆங்கிள் கனெக்டர். லீச்சென்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் கம்பெனியின் எல் வடிவ மாதிரியில் கேபிள் வெளிவரும் திசையை மாற்றியமைக்கலாம். விலையும் கட்டுப்படியாகும். இரண்டாவது, லோ புரொஃபைல் என்னும் குட்டை வகை. உடல் வெறும் சாக்கெட்டின் முகத்தை மூடும் அளவே. கேபிள் பக்கவாட்டில் ஒட்டியபடியே வெளியேறும். கேபிள் டெக்னிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கென்றே பெயர் பெற்றது. இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒரு கனெக்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஊர்க் கடைக்காரர்களுக்கு என் ஆலோசனை: எல் வடிவம் ஸ்டாக்கில் இருக்கட்டும், குட்டை வகையை ஆர்டர் வந்தால் மட்டும் வரவழைத்துக் கொடுங்கள். பணத்தை அலமாரியில் தூங்க விடவேண்டாம்.

வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது கேபிளின் கனம். கனெக்டரின் பிடிப்பு எந்தக் கனத்துக்கு என்று கம்பெனி குறித்திருக்கும். நியூட்ரிக் நேர் வகை 3.5 முதல் 8 மி.மீ. வரை பிடிக்கும். குட்டை வகையில் இடம் குறைவு. தடித்த கேபிள் உள்ளே அடங்காது. ஜப்பானின் கனாரே கம்பெனியில் எல்-4இ6எஸ் என்ற கேபிள் 6 மி.மீ. கனம்; எல்-4இ5சி 4.8 மி.மீ. குட்டைக் கனெக்டருக்கு இரண்டாவதே சுலபம். இவை உள்ளே நான்கு ஒயர் முறுக்கிய ஸ்டார் குவாட் வகை. நீல ஒயர் இரண்டையும் ஒன்றாகவும் வெள்ளை இரண்டையும் ஒன்றாகவும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு நீலம், ஒரு வெள்ளை என்று ஜோடி சேர்த்துவிட்டால் இரைச்சலைக் கழிக்கும் பலன் போய்விடும். மேல்வலை செம்பு பின்னலாக இருப்பது நல்லது. அலுமினிய ஃபாயில் சுற்றிய கேபிள் சுவருக்குள் போடச் சரி. தினம் சுருட்டி விரிக்கிற வேலைக்கு ஆகாது, ஃபாயில் கிழிந்துவிடும்.

மிளகில் பப்பாளி விதை கலப்பதுபோல இந்தத் தொழிலிலும் கலப்படம் உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுக் கொடுத்து முழுச் செம்பு என்று விற்பார்கள். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சுருளைக் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும். இந்தக் கம்பி நாலு முறை மடக்கினால் ஒடியும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

கனெக்டரில் போலி இன்னும் மோசம். எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மாவட்டத் தலைநகர்க் கடைக்காரர், வேறொரு பார்ட்டியிடம் பாதிக்கும் குறைந்த விலையில் ‘ஒரிஜினல்’ என்று ஒரு லாட் வாங்கினார். டிவி சீரியல் யூனிட்டுக்குச் சாமான் வாடகைக்கு விடுபவர் ஒருவர் அதை மொத்தமாக எடுத்துப்போனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவுப் படப்பிடிப்பு. இரண்டாவது வாரத்திலேயே பின்கள் பச்சை பூத்தன, கொக்கி பிடிக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கரகரத்தது. வாடகைக்காரருக்கு யூனிட் பணம் பிடித்துக்கொண்டது. அவர் கடைக்காரரிடம் வந்து நின்றார். கடைக்காரர் அத்தனையும் தன் சொந்தக் காசில் மாற்றிக் கொடுத்தார். சரக்கு கொடுத்த பார்ட்டியோ போனையே எடுக்கவில்லை, பில்லும் கிடையாது. அந்தக் கனெக்டர் ஒன்றை நான் பிரித்துப் பார்த்தேன். கொக்கி வெறும் தகரம், ஊசிகள் பூச்சே இல்லாத பித்தளை, உள் பிளாஸ்டிக் விரலால் அழுத்தினாலே ஆடியது.

அசலில் எழுத்து கூர்மையாகப் பதிந்திருக்கும். செருகும்போது ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் பூட்டும், ஆட்டினால் ஆடாது. நியூட்ரிக் கம்பெனியே சற்று மலிவாக ரீன் என்ற பெயரில் ஒரு வரிசை விடுகிறது. காசு குறைவாக உள்ளவருக்குப் போலியைக் கொடுப்பதைவிட அதைச் சொல்லிக் கொடுப்பது நேர்மை. கடலோர ஊர்களுக்குத் தங்கப் பூச்சு நல்லது. வெள்ளிப் பூச்சு உப்புக் காற்றில் கறுக்கும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். சில கடைகளில் சோல்டர் செய்தும் கொடுக்கிறோம், அதில் நல்ல கூலி உண்டு. 25 முதல் 40 வாட் வரை உள்ள பத்தவைப்புக் கருவி, 63/37 ஈயம், ஒரு மல்டிமீட்டர் போதும். சோல்டர் வைக்குமுன் மூடி, பிடிப்பு ஆகியவற்றைக் கேபிளில் ஏற்றிவிடுங்கள். பத்தவைத்து முடித்தபின் மூடி மேஜைமேல் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத பையனை இன்னும் நான் பார்க்கவில்லை.

குட்டை வகையில் முக்கியமானது, கேபிள் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பது. எக்ஸ்எல்ஆர் ஒரே நிலையில்தான் செருகும். எனவே வெளிவரும் திசையை வாடிக்கையாளரின் பையில் அவருடைய மிக்ஸரை வைத்துப் பார்த்து முடிவு செய்துகொண்டு, அதற்குப் பின்னரே ஈயம் வையுங்கள். பக்கத்திலிருந்து நுழைவதால் ஒரு ஊசி கிட்டத்திலும் ஒன்று தூரத்திலும் இருக்கும். ஒயர்களை அதற்கேற்ப வெவ்வேறு நீளத்தில் வெட்டவேண்டும். விறைப்பாக இழுக்காமல் சற்றுத் தளர்வு விடுங்கள். நுனியில் 3 மி.மீ. மட்டும் தோலுரித்தால் போதும். மேல்வலையை முறுக்கி அதற்கு ஒரு மெல்லிய ஸ்லீவ் போடாமல் விடாதீர்கள். அதில் ஒரு மயிரிழை விலகி 2-ஆம் ஊசியைத் தொட்டாலும் ஒலி அடங்கிவிடும்.

ஊசியின் பின்கிண்ணத்தில் முதலில் ஈயம் நிரப்பி, பிறகு சூடாக்கி, ஈயம் பூசிய ஒயரை இறக்குங்கள். இரண்டு மூன்று நொடிக்குமேல் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்துவிடும். சாயாமல் இருக்க, ஆண் கனெக்டரில் ஒரு பழைய பெண் கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு பத்தவைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. ஊசி எண்ணைப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் படித்தே செய்யுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வரிசை கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறும். கேபிளின் மேல் தோல் பிடிப்புக்குள் போயிருக்க வேண்டும். இழுப்பு தோலில் நிற்கவேண்டுமே தவிர ஈயத்தில் நிற்கக்கூடாது.

கனெக்டரின் உலோக உடலையும் 1-ஆம் ஊசியையும் இணைக்கலாமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். கேபிளில் இணைக்காமல் விடுவதே பொது வழக்கம்; உடல் வேறு இரும்பில் பட்டால் ‘ம்ம்’ என்ற கரண்ட் இரைச்சல் வராதிருக்க. வயர்லெஸ் கருவிகள் அடைந்த பையில் ரேடியோ இரைச்சல் ஏறினால், அதற்கென்றே இ.எம்.சி. என்று குறிப்பிட்ட கனெக்டர் கிடைக்கிறது.

முடிந்தபின் மீட்டரை வைத்து 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 தொடர்பு பாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை என்றும் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் கேபிளை நுனியில் ஆட்டியபடியே மறுபடியும் பார்க்கவேண்டும். 1 அறுந்தால் மிக்ஸரிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம் நின்று கண்டென்ஸர் மைக் செத்துவிடும். 2-உம் 3-உம் இடம் மாறியிருந்தால் ஒரு மைக்கில் தெரியாது. இரண்டு மைக்கைச் சேர்த்தால் குரல் கனமில்லாமல் தகரம்போல் ஒலிக்கும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல் பையன்கள் நாள் கணக்கில் அலைவார்கள்.

சட்டைக்குள் மாட்டும் சிறு மைக்குக்கு உள்ள மினி எக்ஸ்எல்ஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஷூரில் நான்கு ஊசி, லெக்ட்ரோசானிக்ஸில் ஐந்து ஊசி. ஊசி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இணைப்பு வேறு. டிரான்ஸ்மிட்டரின் பெயர், மாடல் கேட்காமல் விற்கவோ பத்தவைக்கவோ வேண்டாம்.

பில் போடுவது பற்றி: தனிக் கனெக்டர் 8536 தலைப்பில் வரும், சுருள் கேபிள் 8544. கனெக்டர் பொருத்தி முடித்த கேபிளை 854442 என்று போடவேண்டும். மூன்றுக்கும் வரி 18 சதவீதம்தான். சரக்கு வாங்கும்போதும் இதே எண்களோடு பில் கேட்டு வாங்கி, கனெக்டரின் லாட் எண் அல்லது வாங்கிய தேதியை அட்டைப்பெட்டியிலேயே எழுதி வையுங்கள். திருப்பி வந்தால் யாரிடம் கேட்பது என்று அப்போது தெரியும்.