பேஸ் திருடும் கலை

பேஸ்பால் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. பேட்டர் பந்தை அடித்தால்தான் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் பெரும்பாலும் முன்னேறுவார். அடிக்காகக் காத்திராமல், பிட்சர் வீசத் தொடங்கும் கணத்திலேயே பாய்ந்து அடுத்த பேஸைப் பிடிப்பதைத் திருட்டு என்பார்கள். விதிகள் அனுமதிக்கும் திருட்டு இது.

முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு ஓடுவதே அதிகம். ஓட்டக்காரர் முன்கூட்டியே பத்துப் பன்னிரண்டு அடி விலகி நிற்பார். மீதித் தூரத்தை, வேகமானவர் ஏறக்குறைய 3.4 வினாடியில் கடப்பார். எதிரணிக்கும் அதே அளவு நேரம்தான் இருக்கிறது. பிட்சரின் பந்து, பேட்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சரை அடைய சுமார் 1.3 வினாடி ஆகும். கேட்சர் அதைப் பிடித்து எழுந்து, 127 அடி தள்ளியிருக்கும் இரண்டாவது பேஸுக்கு எறிய இன்னொரு 2 வினாடி. அங்கே பந்தைப் பிடிப்பவர், ஓட்டக்காரர் பேஸைத் தொடுமுன் அவருடைய உடலைப் பந்துள்ள கையுறையால் தொடவேண்டும். வெற்றி தோல்வியைப் பிரிப்பது வினாடியின் பத்தில் ஒரு பங்கு.

அந்தச் சிறு நேரத்தைக் கால்வேகத்தைவிடக் கண்களே அதிகம் சம்பாதித்துத் தருகின்றன. வலக்கைப் பிட்சர் முதல் பேஸுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார். அவருடைய இடக்கால் முதலில் எழுந்தால் பந்து பேட்டருக்குப் போகிறது. வலது குதிகால் அசைந்தால் திரும்பி முதல் பேஸுக்கு எறியப்போகிறார். பேட்டரை நோக்கி வீசத் தொடங்கிவிட்டால் அவர் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசம். இடக்கைப் பிட்சர் முதல் பேஸைப் பார்த்தபடியே நிற்பதால் அவரிடம் திருடுவது கடினம்.

பிடிபட்டால் ஓட்டக்காரரையும் இழந்து, ஓர் அவுட்டும் கொடுத்தாகவேண்டும். நான்கு முயற்சியில் குறைந்தது மூன்று பலிக்காத ஓட்டக்காரரால் அணிக்கு ஆதாயம் மிகக் குறைவு. ஆனால் ஒரே ஒரு ரன் தேவைப்படும் கடைசி நேரத்தில் இந்தச் சூதாட்டம் நியாயமாகிவிடுகிறது.

அதற்கு 2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரைவிடச் சிறந்த சான்று இல்லை. பரம எதிரிகளான நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸ் 3-0 என முன்னிலை. அப்படிப் பின்தங்கிய எந்த அணியும் மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை மீண்டதில்லை. அக்டோபர் 17 இரவு பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் தொடங்கிய நான்காவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸிலும் யாங்கீஸ் 4-3 என முன்னே நின்றது. யாங்கீஸுக்காக வீசியவர், ஆட்டங்களை முடித்துவைப்பதில் நிகரற்ற மரியானோ ரிவேரா. ரெட் சாக்ஸின் கெவின் மில்லார் நான்கு பால்கள் (அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போகும் பந்துகள்) பெற்று முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் இறங்கினார். எதற்காக என்பது மைதானத்தில் இருந்த அனைவருக்கும் தெரியும். ரிவேரா அடுத்தடுத்து மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்தார். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த ராபர்ட்ஸின் உடல் சூடேற அந்த எறிதல்களே உதவின. பேட்டருக்கு வந்த முதல் பந்திலேயே அவர் ஓடினார். கேட்சர் ஹோர்ஹே பொசாடா நன்றாகவே எறிந்தார். டெரெக் ஜீட்டர் பந்தைப் பிடித்துத் தொடுவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது.

பில் முல்லர் அடித்த பந்தில் ராபர்ட்ஸ் ஓடிவந்து சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸின் ஹோம் ரன் 6-4 என ஆட்டத்தை முடித்தது. ரெட் சாக்ஸ் மீதி மூன்று ஆட்டங்களையும் வென்று, 1918க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடரையும் கைப்பற்றியது.

2023இல் விதிகள் மாறின. பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஒரே பேட்டரின் முறையில் ஓட்டக்காரர் நிற்கும் பேஸுக்குப் பிட்சர் மூன்றாம் தடவை எறிந்தும் அவர் பிடிபடாவிட்டால், அவருக்கு அடுத்த பேஸ் கிடைத்துவிடும். இன்றைய விதிப்படி ராபர்ட்ஸ் ஓடவே வேண்டியிருந்திருக்காது. மேஜர் லீக்கில் 2022இல் 2,486ஆக இருந்த திருட்டுகள் 2023இல் 3,503ஆக உயர்ந்தன.