மதர்போர்டு மாற்றிய பிறகு

பழுதான சர்வருக்குப் புது மதர்போர்டு வந்தாயிற்று. டெக்னீஷியன் கழற்றி மாட்டிவிட்டார். ஹார்டு டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேட்டாவின் பேக்கப்பும் வேறோர் ஊரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பவர் பட்டனை அழுத்தினால், பூட் செய்ய எதுவும் இல்லை என்று திரை கைவிரிக்கிறது. அதே டிஸ்க், அதே கேபிள். அப்புறம் என்ன கேடு?

ஐந்து வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மாற்றிவைத்த செட்டிங்குகள் பழைய போர்டோடு போய்விட்டன. யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக வேண்டுமா, பழைய பயாஸ் முறையிலா? டிஸ்க் கன்ட்ரோலர் ரெய்டு நிலையிலா, ஏஹெச்சிஐ நிலையிலா? புது போர்டுக்கு எதுவும் தெரியாது. செட்டிங் வைத்தவர் அதற்குள் வேலையை விட்டே போயிருப்பார்.

இந்த செட்டிங்குகளும், பவர் வந்ததும் முதல் ஆளாக ஓடும் நிரலும் இருப்பது போர்டில் ஒட்டியிருக்கும், நகத்தளவுகூட இல்லாத ஒரு ஃபிளாஷ் சிப்பில். அந்த நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். 1967இல் ஆஷர் ஓப்ளர் 'டேட்டாமேஷன்' இதழில் கொடுத்த பெயர் அது. ஹார்டுவேரும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. நடுவில் இருப்பதாலோ என்னவோ, பேக்கப் எடுக்கும்போது இரண்டு தரப்பும் அதை மறந்துவிடுகின்றன.

மறக்க முடியாதபடி உலகத்துக்கு அதை நினைவூட்டிய நாள் 1999 ஏப்ரல் 26. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் முந்தைய வருடம் எழுதிய சிஐஹெச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நிரலின் அளவு சுமார் 1 கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 கணினிகளில் ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. கூடவே ஃபர்ம்வேர் இருக்கும் பயாஸ் சிப்புக்குள் குப்பையை எழுதப் பார்த்தது. எல்லா போர்டுகளிலும் அது பலிக்கவில்லை. பலித்த இடங்களில் கணினி திரையில் ஓர் எழுத்தைக்கூடக் காட்டவில்லை. விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றால், சிடியைப் படிக்கச் சொல்லவே உள்ளே ஆள் இல்லை.

செத்த கணினியை உயிர்ப்பிக்க மெக்கானிக்குகள் கையாண்ட வித்தை இன்றைக்கும் எனக்கு வியப்புதான். அப்போது பல போர்டுகளில் பயாஸ் சிப்பைச் சாக்கெட்டில்தான் செருகியிருப்பார்கள். அதே மாடல் கணினி ஒன்றை ஆன் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பை நெம்பி எடுப்பார்கள். பயாஸ் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறிவிட்டதால் சிப் போனதே கணினிக்குத் தெரியாது. காலியான குழியில் செத்த சிப்பைச் செருகி, ஃபிளாப்பியிலிருக்கும் பயாஸ் ஃபைலை அதில் எழுதுவார்கள். கை நழுவினால் இரண்டு கணினியும் போச்சு.

இதற்குத் தீர்வாக கிகாபைட் போன்ற நிறுவனங்கள் ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப்புகளை வைத்தன. வைரஸுக்கு அது போதும். போர்டே எரிந்தால்? இரண்டும் சேர்ந்து எரியும். டெல் சர்வர்களில் உள்ள 'ஈஸி ரீஸ்டோர்' இதற்குத்தான் வழி சொல்கிறது: சர்வீஸ் டேக் எண், லைசென்ஸ், பயாஸ் செட்டிங்குகள் ஆகியவற்றின் நகல் மதர்போர்டுக்கு வெளியே தனியொரு சிப்பில் தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். புது போர்டு பூட் ஆகும்போது, பழையதைப் போடவா என்று கேட்கும். ஆனால் அந்த நகலில் ஃபர்ம்வேர் கிடையாது.

சிப்பில் யாரும் எழுத முடியாதபடி ஒரேயடியாகப் பூட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். பூட்ட முடியாது, ஏனென்றால் ஃபர்ம்வேரிலும் பிழை வரும். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் எஸ்எஸ்டி டிஸ்க்குகள் சிலவற்றுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைப் பற்றி எச்சரித்தது. மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அந்த டிஸ்க்குகள் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது. 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. குறியோடு எண்ணும் 16 பிட் கணக்கில் 32,767க்கு மேல் இடமில்லை. ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் சாகும் என்பதால், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்ற ரெய்டு கணக்கும் உதவாது. மருந்து புது ஃபர்ம்வேர் மட்டுமே.

ஆக வெர்ஷன் மாறிக்கொண்டேதான் இருக்கும். அங்கேதான் மீட்பு வேலை சிக்கலாகிறது. இன்றைய சர்வருக்குள் பிஎம்சி என்ற குட்டிக் கணினி ஒன்று உண்டு. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐஎல்ஓ என்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும்வரை அது தூங்காது. டெல்லில் அதனிடம் கேட்டால் செட்டிங்குகள் அனைத்தையும் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் ஃபைலாகக் கொடுத்துவிடும். வெறும் எழுத்துதான் என்பதால் போன மாத ஃபைலையும் இந்த மாத ஃபைலையும் பக்கத்தில் வைத்து, யார் எதை மாற்றினார்கள் என்று பிடித்துவிடலாம். ஆனால் புது போர்டில் வேறு வெர்ஷன் ஃபர்ம்வேர் இருந்தால் அந்த ஃபைலில் உள்ள சில செட்டிங்குகள் அதற்குப் புரியாது. அதனால் முதலில் ஃபர்ம்வேரைப் பழைய வெர்ஷனுக்குக் கொண்டுவந்து, பிறகு செட்டிங்குகளை ஏற்ற வேண்டும். பழைய ஃபர்ம்வேர் ஃபைலையும் சேர்த்து வைத்திருப்பவருக்கே அது முடியும். பாதுகாப்புக்காகப் பின்னோக்கிப் போகவே விடாத போர்டுகளும் இருக்கின்றன.

ரெய்டு அமைப்பைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அந்த விவரத்தை டிஸ்க்குகளிலேயே எழுதிவைக்கின்றன. புது கன்ட்ரோலர் அதைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து வந்த அமைப்பு, சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கும். அவசரத்தில் 'அழி' என்று அழுத்தாமல் இருந்தால் சரி.

எந்த பேக்கப்பிலும் வராத ஒன்று, குறியாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பிலுள்ள ரகசியம். அது வெளியே வரக் கூடாது என்றே செய்த சிப் அது. டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் சர்வரில் போர்டு மாறியதும், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நீலத் திரை நிற்கும். அந்த எண்ணைப் பல நிர்வாகிகள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அக்கறையாகச் சேமித்திருப்பார்கள், அதே சர்வரில்.