லயத்துக் கூரைக்கு யார் பொறுப்பு?

தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களில் மழை பிடித்துவிட்டால் லயத்துக் காம்பராக்களில் வாளியும் சட்டியும் வரிசையாக வந்துவிடும். தகரம் ஒழுகும் மூலையிலிருந்து பாயை இழுத்துப் போட்டுப் பிள்ளைகளை உறங்க வைக்கும் தாய்க்கு ஒரே கேள்விதான்: இந்தக் கூரையை யார் மாற்றித் தருவது?

டவுனில் வாடகைக்கு இருப்பவருக்கு விடை உண்டு. இலங்கையில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வாடகைக்கு விட்டவரின் கடமை.

லயத்தில் வாடகைச் சீட்டு இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்ததால் கிடைத்த காம்பரா அது. எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களை 1992இல் கம்பனிகள் பொறுப்பேற்றன. நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவிட 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை சட்டம் இடம் தரவில்லை. இத்தனை பேர் நடுவே ஒழுகும் தகரத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு காவல் உண்டு. 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தொழிலாளியைக் காம்பராவிலிருந்து வெளியேற்ற முடியாது. தோட்டத் துரை வாயால் சொன்னதற்காக யாரும் சாமான் கட்டவேண்டியதில்லை.

1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் உறவுகள் பலர் நீலகிரித் தோட்டங்களில் குடியேறினார்கள். இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கட்டித் தருவதையும் பராமரிப்பதையும் அங்கே முதலாளியின் கடமையாக்கியது. 1981இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது: குடியிருப்பவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ காரணமில்லாமல் வீடு இடிந்து ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, இழப்பீடு தரவேண்டியவர் முதலாளி. அதே தேயிலை, அதே மக்கள். அங்கே பொறுப்பாளி யாரென்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

சொந்த வீட்டுக்குக் காணியும் அதன் உறுதிப் பத்திரமும் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை, லயத்தைக் கையில் வைத்திருப்பவரே அதைத் திருத்தித் தரவேண்டும் என்று நம் சட்டமும் தெளிவாக எழுத வேண்டும்.

இன்றே செய்யக்கூடியதும் உண்டு. ஒழுகும் கூரையைப் பற்றித் தோட்ட அலுவலகத்தில் வாயால் முறையிட்டுத் திரும்பாதீர்கள். லய இலக்கம், காம்பரா இலக்கம், திகதி போட்டுக் கடிதமாகக் கொடுங்கள். பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை சுவர் சரிந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல அந்தத் தாள் விடாது.