ஒரே வளவில் பல குடித்தனங்கள்



தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ‘வளவு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம்: ஒரே சுற்றுச்சுவருக்குள், ஒரே வாசலோடும் ஒரே கிணற்றோடும், பல குடும்பங்கள் தனித்தனி வீடுகளில் வாழும் இடமே வளவு. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால், அடுத்த வீட்டுச் சமையல் நின்றுவிடுவதில்லை அல்லவா? கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஒரு வளவை அமைக்கலாம். அதுவும் பழையது என்று ஒதுக்கப்பட்ட கணிப்பொறியிலேயே அமைக்கலாம்!

பல கணிப்பொறிகளுக்குத் தகவல்களை வழங்கும் திறன்மிக்க பொறியைச் ‘சர்வர்’ என்கிறோம். நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே இவற்றை மாற்றிவிடுகின்றன. பெரும்பாலும் பொறி தேய்ந்துபோவதால் அல்ல. உத்தரவாதக் காலம் முடிவதாலும், புதிய பொறிகள் அதே மின்சாரத்தில் அதிக வேலை செய்வதாலும்தான். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

வளவுக்காரர் யார்?

‘ஹைப்பர்வைசர்’ என்னும் மென்பொருளே நமது வளவுக்காரர். அது சர்வரின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டுப் பல ‘மெய்நிகர் கணிப்பொறி’களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் தனிக் கணிப்பொறி போலவே நடந்துகொள்ளும். ஒன்றில் பள்ளி நூலகப் பட்டியல், மற்றொன்றில் நிரல் எழுதும் பயிற்சி, வேறொன்றில் மழை அளவுப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சி செய்பவர் தம் பொறியைக் குழப்பிவிட்டாலும் நூலகப் பட்டியலுக்குக் கேடு இல்லை.

எல்லோரும் ஒரே நொடியில் வேலை வாங்குவதில்லை. ஆதலால் செயலியின் நேரத்தைச் சற்றுத் தாராளமாகவே பங்கிடலாம். நினைவகத்தில் அவ்வளவு தாராளம் கூடாது. 32 ஜிகாபைட் இருந்தால், வளவுக்காரருக்கு 4 ஒதுக்கி, மீதி 28-ஐயே பிரிக்க வேண்டும்.

பழைய எண்ணம்தான்!

1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. துளை அட்டைகளில் நிரல்களைக் கொடுத்து, பலரும் அந்த ஒரே பொறியைப் பயன்படுத்தினர். அமெரிக்காவிலோ 1960களிலேயே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் மெய்நிகர் கணிப்பொறிகளை இயக்கிக் காட்டிவிட்டனர். 1972இல் அது வி.எம்./370 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. 2005 முதல் இன்டெல் செயலிகளிலேயே இதற்கான வசதி சேர்ந்தது. 2007இல் லினக்சில் கே.வி.எம். இணைந்தபின், செலவின்றி எவரும் முயல்வது மேலும் எளிதாயிற்று.

கடற்காற்றும் சர்வரும்

பழைய சர்வர் கிடைத்தால், மின் இணைப்பை நீக்கிய பிறகே ஆசிரியர் துணையுடன் திறந்து பாருங்கள். கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை இழுத்துச் செம்புத் தடங்களை அரிக்கும். பச்சைக் கறை தெரிந்தால் எச்சரிக்கை! தூசியை அகற்றுங்கள். விசிறிகள் சுழல்கின்றனவா என்று கவனியுங்கள். முந்தைய உரிமையாளரின் தகவல்களை வட்டிலிருந்து முற்றிலும் அழித்துவிடுங்கள். பழைய வட்டு எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம். ஆகவே ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதச் செய்வதோடு, வேறொரு கணிப்பொறியிலும் நகல் வைப்பது அவசியம்.

மீட்டர் சொல்லும் கணக்கு

பழையதைப் பயன்படுத்துவது எப்போதும் சிக்கனமா? கணக்கிட்டுப் பார்ப்போம். சர்வர் 150 வாட் எடுப்பதாகக் கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 3.6 யூனிட், ஆண்டுக்கு 1,314 யூனிட். 200 பள்ளி நாட்களில் மட்டும் தினம் 8 மணி நேரம் ஓடினால் 240 யூனிட் போதும்!

அந்தச் சர்வர், 50 வாட் வீதம் எடுக்கும் ஐந்து கணிப்பொறிகளின் வேலையைச் செய்தால் 250 வாட்டுக்குப் பதில் 150 வாட்டே செலவாகும்; லாபம்தான். ஒரே ஒரு சிறு வேலைக்காக ஓடினாலோ நட்டம். 15 வாட் எடுக்கும் சிறு கணிப்பொறி அதைச் செய்துவிடும். வளவில் குடித்தனங்கள் நிறைந்தால்தான் பழைய சர்வருக்கு மதிப்பு.

உங்கள் பள்ளிக் கணிப்பொறி ஒன்றில், செயலி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதை ஒரு வாரம் மணிக்கொரு முறை குறித்து வாருங்கள். எத்தனை கணிப்பொறிகளை ஒரே வளவில் குடியேற்றலாம் என்பது உங்களுக்கே புலப்படும்.