கணிப்பொறியின் மூளைக்கு ஒரு விசிறி

இரண்டாமாண்டு, கணிப்பொறிப் பொறியியல் துறை



மனிதனுக்கு மூளை எப்படியோ, கணிப்பொறிக்குப் பிராசஸர் அப்படி. இதை முதலாண்டிலேயே படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டோம். ஆனால் அந்த மூளை கொதிக்கும், கொதிக்காமல் இருக்க அதன் தலைமேல் ஒரு விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டு கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சித்திரை மாதம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றாலே நமக்குத் தலை சுற்றுகிறது. பாவம், அது வாயில்லாப் பூச்சி!

நம் வகுப்பில் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களும் வாங்க ஆசைப்படுகிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கூட வர்ற கூலர் போதுமாடா, இல்ல தனியா வாங்கணுமா?" தனியாக வாங்கினால் சுமார் 2,000 ரூபாய் ஆகும். அப்பா மானாவாரியில் உளுந்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற, அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற எங்கள் வீடு போன்ற வீடுகளில் 2,000 ரூபாய் சும்மா கேட்டு வாங்குகிற காசு இல்லை. "அதுக்கு எதுக்குய்யா இன்னொரு காத்தாடி?" என்று அம்மா கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா?

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். பிராசஸர் வாங்கும் பெட்டிக்குள்ளேயே வருவது ஸ்டாக் கூலர். நாம் தனியாக வாங்கிப் போடுவது ஆஃப்டர்மார்க்கெட் கூலர். பைக் ஒர்க்ஷாப்பில் 'கம்பெனி அயிட்டம்', 'வெளி அயிட்டம்' என்பார்களே, அதே கதைதான். ஆனால் பைக்கில் வெளி அயிட்டம் என்றால் மட்டம். இங்கே பெரும்பாலும் அதுதான் ஒசத்தி.

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 65 வாட் பிராசஸர் முழு வேலை செய்யும்போது ஒரு பழைய 60 வாட் குண்டு பல்புக்கு மேல் சூடு தருகிறது. எரிகிற குண்டு பல்பைத் தொட்டுச் சூடுபட்டவர்களுக்கு அது புரியும். பல்புக்காவது உள்ளங்கை அளவு கண்ணாடி இருக்கிறது. பிராசஸரில் சூடு பிறக்கிற சிலிக்கன் துண்டோ நம் பெருவிரல் நகத்தளவுதான்.

ஆரம்ப காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1978-ல் வந்த 8086 சிப்பின்மேல் ஒன்றுமே கிடையாது, மொட்டைத் தலைதான். 1992-ல் 486 டி.எக்ஸ்.2 வந்த காலத்தில் ஹீட் சிங்க் தேவைப்பட்டது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் சாப்பிட்டது. 2004-ல் பிரெஸ்காட் என்ற பெயரில் வந்த பென்டியம் 4 நூறு வாட்டையே தாண்டிவிட்டது. வேகம், வேகம் என்று ஓடியதற்குக் கொடுத்த விலை அது. 2006-ல் கோர் 2 டுயோ வந்துதான் 65 வாட்டுக்கு இறங்கிற்று.

சூடு மிஞ்சினால் என்ன ஆகும்? 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற பிரபல கம்ப்யூட்டர் இதழ்க்காரர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பென்டியம் 4 நத்தை வேகத்துக்குப் போனது, ஆனால் நிற்கவில்லை. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது. ஏ.எம்.டி. ஆத்லான் கருகியே போய்விட்டது! இப்போது வருகிற பிராசஸர்கள் எல்லாமே தன் சூட்டைத் தானே அளந்து, தனக்கென்று உள்ள எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் 'எரிந்து போகும்' என்ற பயம் வேண்டாம். நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் நமக்குக் கிடைக்காது என்பதுதான் இன்றைய நஷ்டம்.

சரி, கூலர் என்ன செய்கிறது? வீட்டில் சுடுகஞ்சியைச் சட்டியிலேயே வைத்தால் ஆற நேரமாகும். தாம்பாளத்தில் பரப்பி ஊற்றி விசிறினால் சீக்கிரம் ஆறும். கூலரின் வேலையும் அம்புட்டுதான். நகத்தளவு இடத்தில் இருக்கும் சூட்டை எடுத்துப் பல தகடுகளில் பரப்பி, அதன்மேல் காற்றை அடிப்பது.

இதில் தாம்பாளத்துக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு சங்கதி இருக்கிறது. பிராசஸர் மூடியும் கூலரின் அடிப்பாகமும் பார்க்க வழவழவென்று இருந்தாலும் உண்மையில் மேடுபள்ளம். பள்ளத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். வெப்பம் கடத்தும் திறனில் தாமிரம் சுமார் 400, அலுமினியம் சுமார் 235 என்றால், காற்று வெறும் 0.026! அந்தக் காற்றை விரட்டத்தான் தெர்மல் பேஸ்ட் தடவுகிறோம். பேஸ்ட்டும் உலோகத்துக்கு முன்னால் ஏழைதான். ஆகவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் போதும், இட்லிக்குச் சட்னி மாதிரி அப்பக் கூடாது. சிலர் பல் தேய்க்கும் பேஸ்ட்டை வைத்துவிட்டு 'நல்லா வேலை செய்யுது' என்கிறார்கள். கொஞ்ச நாளில் அதிலுள்ள ஈரம் காய்ந்து பொரிந்துவிடும்.

ஸ்டாக் கூலர் பெரும்பாலும் ஒரு வட்ட அலுமினியக் கட்டி, சுற்றிலும் தகடுகள், மேலே சின்ன விசிறி. அடக்கமான உருவம், காசு தனியாக இல்லை. ஆனால் சின்ன விசிறி என்பதால் சூடு ஏறினால் வேகமாகச் சுற்றும், சத்தம் போடும். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, டீப்கூல் ஏஜி400 போன்ற வெளிக் கூலர்கள் கோபுரம் மாதிரி நிற்கும். நான்கு தாமிரக் குழாய், நிறையத் தகடுகள், 120 மில்லிமீட்டர் விசிறி. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்று தள்ளும், ஆகவே சத்தமும் குறைவு.

அந்தத் தாமிரக் குழாய் திடக்கம்பி இல்லை, உள்ளே கூடு. காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நூறு டிகிரிக்குக் காத்திராமல் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகும். ஆவி மேலே தகடுகளுக்குப் போய்ச் சூட்டை விட்டுவிட்டு மறுபடி தண்ணீராகும். உட்சுவரில் இருக்கும் திரி போன்ற பகுதி அதை உறிஞ்சிக் கீழே கொண்டுவரும். மோட்டார் இல்லாமல் தண்ணீர் சுற்றுகிறது பாருங்கள்!

இங்கே ஒரு சந்தேகம் வரும். நம்ம ஊர் மண்பானைத் தண்ணீரும் ஆவியாகித்தான் குளிர்கிறது. கரிசல் காட்டுக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் பானைத் தண்ணீர் அறையை விடவே ஜில்லென்று இருக்கும். அப்படியானால் கூலரும் பிராசஸரை அறையை விடக் குளிர வைக்குமா? வைக்காது. பானையில் கசிகிற ஆவி வெளியே போய்விடுகிறது, போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. குழாயில் ஆவி வெளியே போக வழியில்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும், தண்ணீர் ஓடுகிற லிக்விட் கூலரே ஆனாலும், கடைசியில் சூட்டை அறைக்காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அறைக்காற்றே 40 டிகிரி என்றால் கணக்கு 40-லிருந்துதான் ஆரம்பம்.

அந்தக் கணக்கைத்தான் நாம் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாக் கூலர் ஒரு வாட்டுக்கு அரை டிகிரி ஏற விடுகிறது, கோபுரக் கூலர் 0.3 டிகிரி ஏற விடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 2022-ல் வந்த கோர் ஐ5 12400 பிராசஸருக்கு அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட், சூட்டின் எல்லை 100 டிகிரி. ஏ.சி. அறையில் கேபினெட்டுக்குள் 30 டிகிரி என்றால், ஸ்டாக் கூலரோடு 117 வாட்டிலும் 89 டிகிரிதான். வீடியோக்காரர்கள் 'தாராளமாகப் போதும்' என்று கைதட்டுவார்கள். அதே பிராசஸர் நம் ஊர் ஓட்டு வீட்டில், கேபினெட்டுக்குள் 45 டிகிரியில் இருந்தால்? 65 வாட்டில் 78 டிகிரி, பிழைத்துக்கொள்ளும். 117 வாட்டில் 104 டிகிரி வர வேண்டும். எல்லையைத் தாண்ட அது விடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோபுரக் கூலர் போட்டால் 80 டிகிரியில் நின்றுவிடும்.

ஆக, வெளியூர்க்காரர் சொல்கிற பதில் நமக்கு அப்படியே பொருந்தாது. ரெக்கார்டு டைப் அடிக்க, சி புரோகிராம் எழுத, ஆட்டோகேடில் இரண்டு பரிமாணப் படம் வரைய இந்த 65 வாட் முழுதாகக்கூடத் தேவைப்படாது. அவர்களுக்கு ஸ்டாக் கூலரே தாராளம். மணிக்கணக்கில் வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங் செய்கிறவர்களுக்கு மட்டும் இந்த 2,000 ரூபாய் நியாயமான செலவு. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசஸர்களுக்கு 2015 முதல் பெட்டியில் கூலரே வருவதில்லை, அங்கே பேச்சுக்கு இடமில்லை.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு ஆள் வரவில்லை. புழுதி! நான் சாயங்காலம் வேலைக்குப் போகிற டி.டி.பி. சென்டரில் போன மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் விண்ணப்பத்துக்குக் கூட்டம் அலைமோதிய நேரம் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் அரைமணிக்கு ஒருமுறை தானாக அணைய ஆரம்பித்தது. சர்டிபிகேட்டைப் பாதி ஏற்றும்போது அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. மகளோடு வந்த ஒரு அக்கா, ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைத்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு கடையில் காட்டியதற்கு, "பிராசஸர் போச்சு, போர்டோட மாத்தணும்" என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். "தம்பி, நீ படிக்கிற புள்ளதானே, ஒரு பார்வை பாரேன்" என்றார் எங்கள் அண்ணாச்சி.

பயாஸ் திரையில் சும்மா இருக்கும்போதே 90-க்கு மேல் காட்டியது. விசிறி சுற்றத்தான் செய்தது. விசிறியைக் கழற்றினால், அடியில் தகடுகளே தெரியவில்லை. கரிசல் புழுதியும் பஞ்சும் சேர்ந்து ஒரு கறுப்பு மெத்தை! கரிசல் மண் மிக நைசான களிமண், காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும். ஊரில் பஞ்சு ஆலைகளும் உண்டு, ரெண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். அது போக, கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டில் மாட்டாமல் சும்மா நின்றது, பேஸ்ட் சுண்ணாம்பாகிக் கிடந்தது. துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு காலும் 'டிக்' என்று உட்கார அமுக்கினோம். செலவு 200 ரூபாய்க்குள். சூடு 60-க்குக் கீழே இறங்கியது. அந்த அக்கா மகளின் விண்ணப்பம் அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்தது.

நம் கணக்கில் சொன்னால், புழுதி அடைத்த ஸ்டாக் கூலரின் அரை டிகிரி 0.8 ஆகிவிடும். அப்போது வெறும் 65 வாட்டிலேயே 97 டிகிரி. கோபுரக் கூலரும் இதற்கு விதிவிலக்கு இல்லை, அதன் தகடுகள் நெருக்கமானவை, அவற்றிலும் புழுதி அடையும். ஆகவே சூடு என்றதும் கடைக்கு ஓடாமல் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். கோபுரக் கூலர் 15, 16 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஒல்லியான கேபினெட்டில் மூடி மூடாது. எடையும் உண்டு. நாக்டுவா என்.ஹெச். டி15 விசிறிகளோடு 1.3 கிலோ! அதைப் போட்ட கேபினெட்டைப் பைக்கில் நிறுத்திவைத்து, நம் ஊர்க் குண்டுகுழி ரோட்டில் கொண்டுபோனால் போர்டு தாங்குமா என்று யோசியுங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வருகிற பழைய டெல் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் விசிறிக்கு ஐந்து பின் கனெக்டர் இருக்கும், கூலர் மாட்டும் இடமும் வேறு. வெளிக் கூலர் அதில் நேரடியாகப் பொருந்தாது. பெட்டியில்லாத 'டிரே' பிராசஸர் வாங்கினால் அதோடு கடைக்காரர் தருவது கம்பெனி ஸ்டாக் கூலர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அதே மாதிரி, தூக்கினால் எடையே இருக்காது.

சுத்தம் செய்வதை வருஷத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொள்ளலாம். பங்குனி கடைசியில் வெயிலுக்கு முன்னால் ஒன்று, ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஆவணியில் ஒன்று. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுவந்து ஊதுங்கள். பஞ்சர் கடைக் காற்று அடிப்பதானால் தள்ளி நின்று அடிக்க வேண்டும், அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். ஊதும்போது விசிறி றெக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். ஏ.எம்.டி. ஏ.எம்.4 பிராசஸர் வைத்திருப்பவர்கள் கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட விட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை லேசாகத் திருகி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடும்.