ஒரு கட்டு வேணாம், ஏழு கிள்ளு போதும்

செமஸ்டர் ஆணிகள் அதிகமானதால இந்தப் பக்கம் தலை காட்டி நாளாச்சு. இன்னிக்கு மேட்டர் மூலிகை. உடனே சித்த வைத்தியம்னு நினைச்சு ஓடிடாதீங்க, சமையலுக்குத் தழை வளர்க்கிறதைப் பத்திதான் :-)

நான் இருக்கிறது ஜெர்மனியில, ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்துல டார்ம்ஸ்டாட். அஞ்சு பேர் பகிர்ந்துக்கற வீடு. என் பங்குக்கு ஒரு அறை, தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் திண்டுதான் மொத்தத் தோட்டமும்.

இங்க கடையில புதினா, கொத்தமல்லி எல்லாம் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில வரும். ரசத்துக்கு நாலு தழை போட்டது போக மிச்சம் ஃப்ரிட்ஜுல கருத்துப் போய்க் குப்பைக்குப் போகும். வளர்த்த தண்ணி, குளிர்பெட்டி லாரி, பிளாஸ்டிக் எல்லாம் அந்த நாலு தழைக்காகத்தான். தொட்டியில செடி இருந்தா நாலு வேணும்னா நாலுதான் கிள்ளுவோம், மிச்சம் உயிரோட நிக்கும். அதாவது செடியேதான் ஃப்ரிட்ஜ். வீட்டுல தழை வளர்க்கிறதோட உண்மையான லாபம் இதுதான்.

ஆனா நம்ம சமையல்ல ஒரு சிக்கல் இருக்கு. துவையலுக்குக் கிள்ளு பத்தாது, கட்டு வேணும். ஒரு தொட்டி புதினாவைத் துவையலுக்கு எடுத்தா செடி மொட்டை, மறுபடி தழைக்க வாரக்கணக்கு ஆகும். ஜன்னல் திண்டுல தன்னிறைவுன்னு பேசறதெல்லாம் சும்மா உதாருங்க.

இதுக்கு ஒரு வழி ஃப்ராங்க்ஃபர்ட்காரங்க சாப்பாட்டுல இருக்கு. 'க்ரூனே ஸோஸே', அதாவது பச்சை சாஸ். பார்ஸ்லி, சைவ்ஸ், கிரெஸ், சாரல், செர்வில், போராஜ், பர்னெட்னு ஏழு தழையைப் பொடியா நறுக்கிப் புளிச்ச க்ரீம்ல கலக்கி, வேகவெச்ச உருளைக்கிழங்கு, முட்டையோட சாப்பிடுவாங்க. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்னிக்கு இதைச் சாப்பிடறது வழக்கம். நகரத்தோட ஓபராட் பகுதியில இந்தத் தழைகளைப் பயிர் பண்றாங்க; அங்க ஏழு தழைக்கு ஏழு குட்டிக் கண்ணாடி வீடு கட்டி நினைவுச்சின்னமே வெச்சிருக்காங்க! 2016-ல ஐரோப்பிய ஒன்றியத்தோட புவிசார் குறியீடும் கிடைச்சது, நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி.

இதுல எனக்குப் பிடிச்சது கணக்குதான். எந்தச் செடியும் மொட்டை ஆகாது. ஏழு செடியும் ஒரு கிள்ளு குடுக்கும், சேர்ந்தா ஒரு வேளைக்கு ஆச்சு. அந்த யோசனையை அப்படியே துவையலுக்குத் தூக்கிட்டேன். என் ஏழு தொட்டி இதோ:

1. புதினா: கடையில வாங்கின தண்டைக் கணுவுக்குக் கீழ வெட்டித் தண்ணியில நிறுத்தினா ஒண்ணு ரெண்டு வாரத்துல வேர் விடும். தனித் தொட்டியில வைங்க, இல்லேன்னா பக்கத்து வீட்டையும் ஆக்கிரமிச்சிடும்.

2. கொத்தமல்லி: டப்பாவில இருக்கற தனியாவே போதும். ரெண்டா உடைச்சுப் போடணும். கோடைப் பகல் நீளமானா சீக்கிரம் பூத்துடும். அதனால மூணு வாரத்துக்கு ஒருதரம் புதுசா விதைச்சுக்கிட்டே இருக்கணும்.

3. வெந்தயக்கீரை: ரெண்டு மூணு நாள்ல முளைக்கும், மூணு வாரத்துல கிள்ளலாம். நம்மளை மாதிரி பொறுமை இல்லாத ஆளுங்களுக்குன்னே படைச்சது.

4. பார்ஸ்லி: கடைத் தொட்டியில பார்க்க அடர்த்தியா இருக்கணும்னு நிறைய நாற்றை நெருக்கி வெச்சிருப்பாங்க. அதான் வாங்கின கொஞ்ச நாள்ல வாடுது. மூணு நாலாப் பிரிச்சு நட்டா நிக்கும். பேசிலுக்கும் இதே வைத்தியம்.

5. சைவ்ஸ்: வெங்காயத்தாளோட தம்பி. ரெண்டு விரக்கடை விட்டு வெட்டினா திரும்ப வளரும். பனியைத் தாங்கும்.

6. சாரல்: நம்ம புளிச்சக்கீரை மாதிரியே புளிப்பு. வெளி இலையா பார்த்துப் பறிக்கணும்.

7. கிரெஸ்: மண்ணே வேணாம். ஈரமான சமையலறைப் பேப்பர்ல தூவினா ஒரு வாரத்துல தயார்.

கறிவேப்பிலை எங்கேன்னு கேப்பீங்க. குளிர் நாட்டுல அது மெதுவா வளர்ற ராஜா வீட்டுப் பிள்ளை, ஏழுல சேர்க்க முடியாது. ஊர்லேருந்து பையில சுத்திக் கொண்டு வரலாம்னா, 2019 டிசம்பர் 14 முதல் ஒன்றியத்துக்கு வெளியேருந்து வர்ற பச்சைத் தழைக்கெல்லாம் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேக்கறாங்க. விலக்கு அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த அஞ்சுக்கு மட்டும்தான். அம்மாகிட்ட இதை எத்தனை தரம் சொன்னாலும் "ரெண்டு ஈர்க்கு தானேடா"ம்பாங்க.

செடியை விட முக்கியமான விஷயம் மண். மூட்டையில விக்கற தொட்டி மண்ணுல 'டார்ஃப்' கலந்திருக்கும். சதுப்பு நிலத்துல மட்காமப் படிஞ்ச பாசி அது. வருஷத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேரும், ஒரு மீட்டருக்கு ஆயிரம் வருஷம்! சதுப்பு நிலத்துல தண்ணியை வடிச்சா, பிடிச்சு வெச்சிருந்த கார்பன் வெளியேறும். அப்படி வடிச்ச நிலங்கள்லேருந்து ஜெர்மனியோட பசுங்குடில் வாயுவுல சுமார் 7 சதவீதம் வருது. அதுல பெரும்பங்கு விவசாய நிலம்தான். இருந்தாலும் பிளாஸ்டிக் பெட்டியை மிச்சம் பிடிக்கிறேன்னு சதுப்பு நிலத்தை மூட்டையில வாங்கிட்டு வந்தா என்ன அர்த்தம்? 'பயோ'ன்னு போட்டிருந்தா போதாது, 'டார்ஃப்ஃப்ரை'ன்னு இருக்கணும். அதுல கலக்கறது பெரும்பாலும் மக்கு உரம், மரநார், தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சித் தென்னை இங்கயும் வந்து நிக்கலாம், யார் கண்டா!

அடுத்தது விளக்கு. 20 வாட் விளக்கைத் தினம் 14 மணி நேரம் போட்டா மாசம் 8.4 யூனிட். நாலு தழைக்கு அது ஓவர். குளிர்காலத்துல எனக்கு கிரெஸ், வெந்தயம் மட்டும்தான், மத்ததெல்லாம் ஓய்வு.

எப்ப ஆரம்பிக்கலாம்? நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி இவங்களுக்கு 'ஐஸ்ஹைலிகன்', மே 11 முதல் 15 வரை அஞ்சு பனிப் புனிதர்கள். கடைசி நாள் பேரே 'குளிர் சோஃபி'. அந்தம்மா போன பிறகுதான் குளிர் தாங்காத செடியை வெளியே வைக்கணும்னு தாத்தா பாட்டிகள் சொல்லுவாங்க.

இப்ப துவையல். ரெண்டு கரண்டி உளுந்து, மூணு வரமிளகாய், ரெண்டு பல் பூண்டு வறுத்து எடுத்துக்கங்க. அதே எண்ணெயில சாரலைப் போட்டா குழைஞ்சு போகும், புளி தேவையில்லை. அடுப்பை அணைச்சுட்டு புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லி போட்டு ஒரு பிரட்டு. வெந்தயக்கீரை கொஞ்சம்தான், கசப்பு எட்டிப் பார்க்கணும், உக்காந்துடக் கூடாது. தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியா அரைச்சு, கடைசியா சைவ்ஸும் கிரெஸ்ஸும் பச்சையாவே நறுக்கிக் கலந்துடுங்க. சுடுசோறு, நல்லெண்ணெய். ஃப்ராங்க்ஃபர்ட் பாணியில வேகவெச்ச உருளைக்கிழங்கோடயும் பிரமாதம். எங்க வீட்டு ஜெர்மன்காரர் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினார்!

வளைகுடா அண்ணாச்சிகளே, கனடா அக்காக்களே, உங்க ஊர் வெயிலுக்கும் பனிக்கும் தாக்குப்பிடிக்கற ஏழு எது? பட்டியல் போடுங்க, என் ஜன்னல்ல இன்னும் ரெண்டு தொட்டிக்கு இடம் இருக்கு.