இளைப்பு எல்லாம் ஆஸ்துமா அல்ல: மூச்சுக்கிளைக் குழாய்களும் மதனப்பள்ளியில் கண்டறியப்பட்ட நோயும்

இரவில் விடாத வறட்டு இருமல், மூச்சு விடும்போது நெஞ்சில் சீழ்க்கை போன்ற ஒலி, சிறிது தூரம் நடந்தாலே இளைப்பு. இந்த அறிகுறிகளைக் கண்டதும் ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ முடிவு கட்டிவிடுவது பரவலாக உள்ளது. ஆனால், இவ்விரண்டும் அல்லாத மற்றொரு நோயும் இதே அறிகுறிகளுடன் வரும். உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் சுமார் மூன்று வார மாத்திரைச் சிகிச்சையில் அது பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் மருத்துவர்கள் 1940-ஆம் ஆண்டிலேயே அந்நோயைப் பற்றி எழுதியுள்ளனர்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரமும் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்படும் வரை அதே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வேதநாராயணர் கோயிலால் அறியப்படும் இவ்வூர், திருப்பதிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. இத்தகைய சிற்றூர்களில் இருந்து நுரையீரல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வெளியூர் செல்ல வேண்டியிருக்கும். எனவே, இருமலுக்கும் இளைப்புக்கும் காரணமான மூச்சுக்கிளைக் குழாய்களைப் பற்றி அறிந்திருப்பது பயனளிக்கும்.

தலைகீழாக நிற்கும் மரம்

தொண்டையில் இருந்து இறங்கும் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளமுடையது. மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால் அது இரண்டாகப் பிரிகிறது. அவையே முதன்மை மூச்சுக்கிளைக் குழாய்கள். வலது கிளை மூன்றாகவும் இடது கிளை இரண்டாகவும் பிரிந்து, நுரையீரலின் ஒவ்வொரு மடலுக்கும் காற்றைக் கொண்டு செல்கின்றன. இவ்வாறு சுமார் 23 முறை கிளைத்த பிறகே காற்று நுண்ணறைகளை அடைகிறது. அங்குதான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது.

பெரிய கிளைகளின் சுவரில் குருத்தெலும்பு இருப்பதால் அவை எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. சுமார் ஒரு மி.மீ.க்கும் குறைந்த நுண்கிளைகளில் குருத்தெலும்பு இல்லை. அவற்றைச் சுற்றியுள்ள தசை இறுகினால் காற்றுப்பாதை சட்டெனக் குறுகிவிடும்.

காற்றைக் கடத்துவதோடு அதைத் தூய்மைப்படுத்துவதும் இக்குழாய்களின் பணி. உட்சுவரில் சுரக்கும் சளியில் தூசியும் கிருமிகளும் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இடைவிடாது அசைந்து அந்தச் சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. பீடி, சிகரெட் புகையும், காற்றோட்டமில்லாத சமையலறையின் விறகடுப்புப் புகையும் முதலில் தாக்குவது இந்த நுண்ணிழைகளைத்தான்.

வேர்க்கடலை ஏன் வலப்புறம் செல்கிறது?

வலது முதன்மைக் கிளை இடது கிளையைவிட அகலமானது, நீளம் குறைந்தது, செங்குத்தாக இறங்குவது. எனவே, தவறிப்போய் மூச்சுக்குழாய்க்குள் நுழையும் பொருள்கள் பெரும்பாலும் வலப்புறமே சென்று அடைகின்றன. சிறு குழந்தைகளிடம் இவ்வாறு சிக்கும் பொருள்களில் வேர்க்கடலை முக்கியமானது. சித்தூர் வட்டாரம் வேர்க்கடலைச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது என்பதால் இங்கு இது கூடுதல் கவனத்துக்குரியது.

உண்ணும்போதோ விளையாடும்போதோ குழந்தைக்குத் திடீரெனப் புரையேறி, அதன்பின் இருமலோ ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இளைப்பு ஒலியோ நீடித்தால், அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. சிக்கிய பொருளை மூச்சுக்குழாய் உள்நோக்கிக் கருவியின் மூலம் மருத்துவர்கள் அகற்றுவர். ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் கில்லியன் 1897-இல் தொடங்கி வைத்த முறை இது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலையைக் கொடுக்காமல் இருப்பதே சிறந்த தற்காப்பு.

ஒரே ஒலி, பல காரணங்கள்

ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே சீராகச் செல்லும் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. மூச்சுக்கிளைகள் சிறிதளவு குறுகினாலும் நோயாளி பெரிதும் திணறுவது இதனால்தான். குறுகிய பாதையில் காற்று புகுந்து வரும் ஒலியே 'வீசிங்' எனப்படுகிறது. அது நோயின் பெயரன்று, ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பின்னணியில் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம்.

ஆஸ்துமாவில் குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, தசை இறுகுகிறது. சிகிச்சையால் பாதை மீண்டும் விரிவது இதன் தனித்தன்மை. உறிஞ்சு மருந்து நேரடியாக மூச்சுக்கிளைகளைச் சென்றடைவதால் குறைந்த அளவே போதுமானதாகிறது. நாள்பட்ட மூச்சுக்கிளை அழற்சி என்பது, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று மாதங்களேனும் சளியுடன் கூடிய இருமல் நீடிப்பதாகும். புகையால் வரும் இந்தப் பாதிப்பில், குறுகிய பாதை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இதற்கு நேர்மாறாக, காசநோயோ கடுமையான நுரையீரல் தொற்றோ வந்து போன பிறகு சிலருக்கு மூச்சுக்கிளைகள் நிரந்தரமாக விரிந்துவிடுகின்றன. அங்கு சளி தேங்கி, மீண்டும் மீண்டும் தொற்று உண்டாகிறது. நுரையீரல் புற்றுநோய்களில் பலவும் மூச்சுக்கிளைகளின் உட்படலத்தில்தான் தோன்றுகின்றன.

மதனப்பள்ளி மருத்துவர்கள் கண்டது

மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் இணைந்து நடத்திய காசநோய் மருத்துவமனை, தென்னிந்தியாவின் முக்கிய சிகிச்சை மையங்களுள் ஒன்றாக விளங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஃப்ரிமோட் மோலர் அங்குப் பணியாற்றினார். காசநோயாளிகளாகக் கருதப்பட்டவர்களில் சிலரின் எக்ஸ்-ரேயில் காசநோய் போன்ற புள்ளி நிழல்கள் தெரிந்தன. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மாறாக, இரத்தத்தில் ஈசினோபில் எனும் வெள்ளணுக்கள் மிகுதியாக இருந்தன.

இந்நோயாளிகளைப் பற்றி அவரும் மருத்துவர் பார்ட்டனும் 1940-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். காசநோய் போலத் தோன்றும், ஆனால் காசநோய் அல்லாத நிலை என்று அதை அவர்கள் குறிப்பிட்டனர். 1943-இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் தாம் கண்ட நோயாளிகளின் அடிப்படையில் 'லான்செட்' இதழில் எழுதி, 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். அப்போது ஆர்சனிக் கலந்த மருந்தே இதற்குப் பயன்பட்டது.

இந்நோய்க்குக் காரணம் யானைக்கால் நோயைப் பரப்பும் அதே நுண்புழு என்பது பின்னர் தெளிவானது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்கள் அப்புழுவைப் பரப்புகின்றன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் பாதிப்பு வருவதில்லை. ஒரு சிலரின் உடல் மட்டும் நுரையீரலில் சிக்கும் நுண்புழுக்களை எதிர்த்து அளவுக்கு மீறிப் போராடுகிறது. அதன் விளைவே மூச்சுக்கிளைகளிலும் நுரையீரல் திசுவிலும் தோன்றும் அழற்சி. இவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் பொதுவாக நுண்புழு தென்படாது. அதனால்தான் நோய் எளிதில் நழுவிவிடுகிறது.

கண்டறிவது எப்படி?

நலமாக உள்ளவரின் இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்குப் பொதுவாக 500-ஐத் தாண்டுவதில்லை. இந்நோயில் அது 3,000-க்கும் மேல் செல்லும். ஒவ்வாமையாலோ குடற்புழுவாலோ ஏற்படும் சிறிய உயர்வையும் 'ஈசினோபிலியா' என்றே மக்கள் அழைக்கின்றனர். ஆனால் அது இந்நோய் அன்று.

யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டையெத்தில்கார்பமசின் மாத்திரையே இதற்கும் முதன்மை மருந்து. மருத்துவரின் மேற்பார்வையில் வழக்கமாக 21 நாள்கள் வழங்கப்படுகிறது. சிலருக்கு நோய் திரும்ப வரலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. பல ஆண்டுகள் ஆஸ்துமா என்றே எண்ணிச் சரியான சிகிச்சை இல்லாமல் விட்டால் நுரையீரல் திசு தழும்பேறிவிடும். அந்தச் சேதத்தை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். அதில் கிருமி இல்லை என்று வந்தாலும் இருமல் நிற்கவில்லை என்றால், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, மார்பு எக்ஸ்-ரே, மூச்சு ஊதும் பரிசோதனை ஆகியவை காரணத்தைக் கண்டறிய உதவும். இருமலில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, உதடு நீலம் பாய்தல், பேச முடியாத அளவு மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.